கிரவுண்டில் கட்டிய முதல் கால்: டிபி4056 சார்ஜர் போர்டில் வெப்பக் கண்காணிப்பும் விளக்குகளும்

லித்தியம் அயான் செல்லைச் சார்ஜ் செய்யும் டிபி4056 ஐசிக்கு எட்டு கால்கள். முதல் காலின் பெயர் டெம்ப். சார்ஜ் ஆகும் செல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே வைத்த கால் அது. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சிறிய டிபி4056 போர்டுகளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அந்தக் கால் நேராகக் கிரவுண்டில் சேர்ந்திருக்கும். டெம்ப் காலைக் கிரவுண்டில் சேர்த்தால் வெப்பக் கண்காணிப்பு நின்றுவிடும் என்று தயாரிப்பாளரின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டே சொல்கிறது. அதாவது, வசதி ஐசிக்குள் இருக்கிறது, போர்டில் இல்லை.

ஆய்வுக்கு எடுத்திருப்பது இந்தப் போர்டின் மிகச் சாதாரணமான பயன்பாடு. மூடிய பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் 2600 மில்லி ஆம்பியர் மணி 18650 செல் (உருளை வடிவ லித்தியம் அயான் செல்) ஒன்று, அதன் முதுகிலேயே இருபக்க டேப்பால் ஒட்டிய டிபி4056 போர்டு, 5 வோல்ட் யுஎஸ்பி இணைப்பு. எமர்ஜென்சி விளக்கு, ப்ளூடூத் ஸ்பீக்கர், சோலார் விளக்கு என எதுவாக இருந்தாலும் உள்ளே இதே அமைப்புதான். இதில் வெப்பக் கண்காணிப்பைச் சேர்ப்பது எப்படி, சேர்த்த பிறகு இரண்டு எல்இடிகளும் சொல்வதை எப்படிப் படிப்பது என்பதுதான் கேள்வி. இவை இரண்டையும் தனித்தனி வேலையாகப் பார்க்கக் கூடாது. சென்சாரை இணைத்துவிட்டு விளக்குகளை அப்படியே விட்டால், சரியாக வேலை செய்யும் சார்ஜர் செத்துப்போனதாகத் தெரியும். பயன்படுத்துபவர் சென்சாரைப் பிடுங்கிவிடுவார்.

சூடு எங்கிருந்து வருகிறது

டிபி4056 ஒரு லீனியர் சார்ஜர். உள்ளே வரும் வோல்ட்டேஜுக்கும் செல் வோல்ட்டேஜுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் சூடாகவே கழிக்கிறது. போர்டில், சார்ஜ் கரன்ட்டைத் தீர்மானிக்கும் ப்ரோக் காலில் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அதற்குரிய சார்ஜ் கரன்ட் 1 ஆம்பியர். செல் 3.7 வோல்ட்டில் இருக்கும்போது 1.3 வாட் சூடாகிறது. நன்றாக இறங்கிப்போய் 3.0 வோல்ட்டில் இருக்கும் செல்லென்றால் 2 வாட். நகத்தளவு ஐசிக்கும் கட்டைவிரல் அளவு போர்டுக்கும் இது பெரிய சுமை.

இந்த ஐசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். உள்ளிருக்கும் சிலிக்கான் சுமார் 140 டிகிரியை நெருங்கினால் தானாகவே கரன்ட்டைக் குறைக்கும். பலர் இதைச் செல்லுக்கான பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ஐசி 120 டிகிரியில் நிம்மதியாக ஓடிக்கொண்டே, தன்னோடு டேப்பில் ஒட்டியிருக்கும் செல்லைச் சூடேற்றிக்கொண்டிருக்கும். போர்டிலுள்ள இன்னொரு ஐசியான டிடபிள்யூ01ஏவும் இதற்கு உதவாது. அது பார்ப்பது வோல்ட்டேஜையும் கரன்ட்டையும் மட்டும்: 4.3 வோல்ட்டைத் தாண்டினாலோ 2.4 வோல்ட்டுக்குக் கீழே போனாலோ துண்டிக்கும், ஷார்ட் ஆனால் துண்டிக்கும். வெப்பநிலையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

டிபி4056-இல் நேரக் கட்டுப்பாடும் கிடையாது. இத்தனை மணி நேரத்துக்குள் சார்ஜ் முடியவில்லையென்றால் நிறுத்து என்னும் டைமர் இல்லை. பழசாகி உள்ளுக்குள் கசியும் செல்லில் கரன்ட் முடிவு எல்லைக்கு இறங்கவே இறங்காது. சார்ஜர் மணிக்கணக்காக 4.2 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். செல் சூடாவதுதான் அப்போது வெளியே தெரியும் அடையாளம். அதைப் பார்க்கவேண்டிய காலைத்தான் கிரவுண்டில் கட்டியிருக்கிறார்கள்.

எல்லை என்ன? சாதாரண லித்தியம் அயான் செல்லுக்குச் சார்ஜ் செய்யும் வரம்பு 0 முதல் 45 டிகிரி வரை. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் போகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். திறன் குறையும், உள்ளே ஷார்ட் ஆகும் வாய்ப்பு கூடும். 45-க்கு மேலே, அதுவும் முழு 4.2 வோல்ட்டில், எலக்ட்ரோலைட்டும் மின்முனைப் படலமும் வேகமாகக் கெடும். 2007-இல் ஜப்பானில் வெளியான, அந்நாட்டு மின்னணுத் தொழில் சங்கமான ஜெய்டாவின் வழிகாட்டி இந்த வரம்பைப் பல பட்டைகளாகப் பிரித்து, குளிரில் கரன்ட்டையும் சூட்டில் வோல்ட்டேஜையும் குறைக்கச் சொல்கிறது. டிபி4056-க்கு அந்த நுணுக்கம் இல்லை. ஒரே ஒரு ஜன்னல்தான்: உள்ளே இருந்தால் சார்ஜ், வெளியே போனால் நிறுத்தம்.

நம் ஊரில் குளிர் எல்லை பெரும்பாலும் வேலைக்கு வராது. சூட்டு எல்லைதான் உண்மையான பிரச்சினை. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரிலும் திருத்தணியிலும் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தக் காற்றில் மூடிய பெட்டிக்குள் 1.3 வாட்டையும் சேர்த்தால், சார்ஜ் தொடங்கும்போதே செல் எல்லையில்தான் நிற்கும்.

டெம்ப் காலுக்கான கணக்கு

டெம்ப் காலின் வோல்ட்டேஜ், ஐசிக்கு உள்ளே வரும் வோல்ட்டேஜான விசிசியில் 45 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையே இருந்தால் சார்ஜ் நடக்கும். அதற்கு வெளியே 0.15 வினாடிக்கு மேல் இருந்தால் நின்றுவிடும். எண்கள் விசிசியின் சதவீதமாக இருப்பதால், யுஎஸ்பி கேபிளில் வோல்ட்டேஜ் குறைந்தாலும் எல்லை நகராது.

டேட்டாஷீட் வழி: விசிசியிலிருந்து டெம்புக்கு ஆர்1, டெம்பிலிருந்து கிரவுண்டுக்கு ஆர்2, அதற்கு இணையாக, சூடு ஏறினால் மின்தடை குறையும் என்டிசி தெர்மிஸ்டர். 103ஏடி வகை 10 கிலோ ஓம் என்டிசி 0 டிகிரியில் 27.28 கிலோ ஓம், 45 டிகிரியில் 4.91 கிலோ ஓம். கணக்குப் போட்டால் ஆர்1 5.82 கிலோ, ஆர்2 சுமார் 160 கிலோ வரும். 5.6 கிலோவும் 220 ஓமும் தொடராகச் சேர்த்தால் ஆர்1 சரியாகக் கிடைத்துவிடும்.

ஆனால் இந்த அமைப்பில் ஒரு பொல்லாத ஓட்டை இருக்கிறது. என்டிசி வயர் அறுந்தால் டெம்ப் 96 சதவீதத்துக்கு ஏறும், சார்ஜ் நிற்கும், நல்லது. என்டிசி ஷார்ட் ஆனால்? டெம்ப் பூஜ்யத்துக்குப் போகும். பூஜ்யம் என்றால் இந்த ஐசிக்குக் கண்காணிப்பு வேண்டாம் என்று பொருள். வெப்பக் காவலே இல்லாமல் சார்ஜ் தொடரும். என்டிசியின் இரண்டு கால்களும் செல்லின் உலோக உடம்பில் பட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இது நடக்கவே நடக்காது என்று யாரும் உறுதி தர முடியாது.

மருந்து எளிது. ஆர்2-வை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை என்டிசிக்குத் தொடராக, போர்டின் மேலேயே, டெம்ப் கால் பக்கத்தில் வையுங்கள். ஆர்1-ஐ 7.19 கிலோவாக மாற்றுங்கள், 6.8 கிலோவும் 390 ஓமும் தொடராக. இப்போது 103ஏடி என்டிசிக்கு எல்லைகள் சுமார் −0.4 டிகிரியும் 45.2 டிகிரியும். ஆர்2 போட்டுச் சாதித்த அதே ஜன்னல். அதோடு என்டிசி ஷார்ட் ஆனால் டெம்ப் காலில் 12 சதவீதம், அதாவது 5 வோல்ட்டுக்கு சுமார் 0.6 வோல்ட் மிச்சம் இருக்கும். அது அதிகச் சூடு என்றே படிக்கப்பட்டு சார்ஜ் நிற்கவேண்டும். நிற்கிறதா என்பதைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். இதே எண்ணை அச்சிட்டு வேறு வேறு தயாரிப்பாளர்கள் ஐசி விற்கிறார்கள்.

அடுத்தது பிழை அளவு. 45 சதவீதம் என்பது ஐசிக்கு ஐசி 43 வரை இறங்கலாம். 80 என்பது 82 வரை ஏறலாம். 103ஏடி போட்டால் மோசமான ஐசியில் ஜன்னல் −3 முதல் 48 டிகிரி வரை விரிந்துவிடும். இது எல்லைமீறல்தான். இங்கேதான் மலிவான பி 3950 என்டிசி கைகொடுக்கிறது (மின்தடை வெப்பத்தோடு எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண் பி). அதன் மின்தடை வெப்பத்தோடு இன்னும் செங்குத்தாக மாறும். அதே 1 கிலோ, அதே 7.19 கிலோவுடன் இதைப் போட்டால் எல்லைகள் சுமார் 4 டிகிரியும் 42 டிகிரியும். மோசமான ஐசியிலும் சுமார் 1 முதல் 45-க்குள் அடங்கிவிடும். எனவே இந்த போர்டுக்கு 10 கிலோ ஓம், பி 3950, ஒரு சதவீத என்டிசியையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். எந்த பி எண் என்று தெரியாத என்டிசியை மட்டும் போடாதீர்கள். 25 டிகிரியில் எல்லா 10 கிலோ என்டிசியும் ஒரே மாதிரிதான் காட்டும். வேற்றுமை தெரிவது எல்லைகளில்தான்.

42 டிகிரியில் நின்றுவிட்டால் கோடையில் சார்ஜே ஆகாதே என்று எல்லையை உயர்த்தத் தோன்றும். உயர்த்த வேண்டாம், கரன்ட்டைக் குறையுங்கள். ப்ரோக் ரெசிஸ்டரை 1.2 கிலோவிலிருந்து 2 கிலோவுக்கு மாற்றினால் கரன்ட் 580 மில்லி ஆம்பியராகும், 3.7 வோல்ட்டில் சூடு 1.3 வாட்டிலிருந்து 0.75 வாட்டுக்கு இறங்கும். சார்ஜ் நேரம் கூடும், நின்று நின்று ஓடும் சார்ஜரைவிட அது மேல். போர்டைச் செல் முதுகிலிருந்து பிரித்து பெட்டியின் வேறு மூலைக்கு மாற்றுவதும் அதே அளவுக்குப் பலன் தரும்.

காலைத் தூக்குவது

ஐசியின் மேலுள்ள புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதல் கால். மெல்லிய முனை சால்டரிங் அயர்னால் அந்த ஒரு காலைச் சூடாக்கி, ஈயம் உருகும்போது ஊசி முனையால் அரை மில்லிமீட்டர் தூக்குங்கள். குளிர்ந்தபின் வளைக்கக் கூடாது. இரண்டு மூன்று தடவை ஆட்டினால் கால் ஐசியோடு ஒட்டும் இடத்திலேயே ஒடியும், போர்டு வீண். தூக்கிய காலுக்குக் கீழே சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப் துண்டு ஒன்றைச் செருகுங்கள், ஏனென்றால் கீழிருக்கும் ஈயம் இன்னும் கிரவுண்டில்தான் இருக்கிறது. பிறகு மெல்லிய எனாமல் வயரைப் பற்றவைத்து, அசையாதபடி ஒரு சொட்டு எபாக்ஸி வையுங்கள். டெம்ப் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர். என்டிசி வயர் நீளமாக இருந்தால் இது இல்லாமல் இருக்கவே கூடாது.

ஆர்1-இன் மேல்முனை எங்கே போகிறது என்பதில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். டேட்டாஷீட், ஐசியின் சூட்டைக் குறைக்க விசிசிக்கு முன்னால் 0.4 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடச் சொல்கிறது. 1 ஆம்பியரில் அதில் 0.4 வோல்ட் விழும். ஆர்1-ஐ அந்த 0.4 ஓமுக்கு முன்னால் இணைத்தால், ஆர்1-உம் என்டிசியும் சேர்ந்த டிவைடருக்கு 5 வோல்ட், ஐசிக்கு 4.6 வோல்ட். ஐசி ஒப்பிடுவது தன் 4.6-உடன். விளைவு: சார்ஜ் நடக்கும்போது செல் உள்ளபடியைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். மேலே சொன்ன 3950 கணக்கில் சூட்டு எல்லை 42-இலிருந்து 46-க்கும் மேலே போய்விடும். குளிர்ப்பக்கம் இன்னும் வேடிக்கை: 4 முதல் 11 டிகிரி வரை சார்ஜ் தொடங்கும், உடனே 0.4 வோல்ட் விழும், குளிர் என்று நிற்கும், வோல்ட்டேஜ் மீளும், மறுபடி தொடங்கும். சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும். ஊட்டியில் காலையில் இப்படித் துடிக்கும் போர்டைப் பார்த்தால் ஐசியைச் சந்தேகிக்காதீர்கள், ஆர்1-ஐ விசிசியான நான்காவது காலுக்கே கொண்டுபோங்கள். அதேபோல என்டிசியின் கீழ்முனை மூன்றாவது காலான கிரவுண்டுக்குப் போகவேண்டும், செல்லின் மைனஸுக்கு அல்ல. இரண்டுக்கும் இடையே டிடபிள்யூ01ஏ கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட் என்னும் சுவிட்ச் இருக்கிறது.

என்டிசி இருக்கவேண்டிய இடம் செல் உடம்பின் நடுப்பகுதி, போர்டு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். கண்ணாடித் தலை என்டிசியை கேப்டன் டேப்பால் இறுக்கி ஒட்டி, அதன் இரண்டு கால்களுக்கும் தனித்தனியாக ஸ்லீவ் போடுங்கள். செல்லின் மேல் உறையைக் கிழித்து ஒட்டாதீர்கள். உறைக்குள்ளே முழு உடம்பும் மைனஸ்.

விளக்குகள் சொல்வது

சிவப்பு எரிந்தால் சார்ஜ் ஆகிறது. நீலம் (சில போர்டுகளில் பச்சை) எரிந்தால் முடிந்தது. செல் இல்லாதபோது வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் வேலையால் நீலம் எரிய, சிவப்பு 1 முதல் 4 வினாடிக்கு ஒருமுறை மினுக்கும். இவை மூன்றும் குழப்பமில்லாதவை.

இரண்டும் அணைந்திருந்தால்தான் சிக்கல். உள்ளே வோல்ட்டேஜ் போதவில்லை, செல் அதிகச் சூடு, செல் அதிகக் குளிர், மூன்றுக்கும் ஒரே இருட்டு. என்டிசி வயர் அறுந்தாலும் இதே இருட்டுதான். டெம்ப் கிரவுண்டில் இருந்தவரை இருட்டு என்றால் கரன்ட் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சென்சாரை இணைத்த நாளிலிருந்து அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

குறைந்தபட்சம், 5 வோல்ட் வருகிறதா என்று காட்டும் எல்இடி ஒன்றை 1 கிலோ ஓமுடன் உள்ளீட்டில் போடுங்கள். அது எரிந்து மற்ற இரண்டும் இருட்டாக இருந்தால் வெப்பநிலை நிறுத்தம். ஆனால் இதைப் பயன்படுத்துபவர் மனதில் கணக்குப் போடவேண்டும். மற்ற இரண்டும் இருண்டால் எரியும் ஆரஞ்சு விளக்கு இன்னும் நல்லது. சில மலிவான பொருள்களில் முடிந்துவிடும்.

சிவப்பையும் நீலத்தையும் இயக்கும் ஏழாம் ஆறாம் கால்கள் இரண்டுமே ஓப்பன் டிரெயின். எரியும்போது கிரவுண்டுக்கு இழுக்கும், மற்ற நேரம் விட்டுவிடும். ஒரு சந்திப்புப் புள்ளியை விசிசியிலிருந்து 47 கிலோ ஓம் வழியாக மேலே இழுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு 1என்4148 டயோடுகள், கோடுள்ள முனை ஆறாம் ஏழாம் கால்களை நோக்கி. அதே புள்ளியிலிருந்து மூன்றாவது 1என்4148 ஒன்று, கோடுள்ள முனை பிசி547-இன் பேஸை நோக்கி. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 100 கிலோ ஓம், எமிட்டர் கிரவுண்டில். கலெக்டரில் ஆரஞ்சு எல்இடி, 1 கிலோ ஓம் வழியாக விசிசிக்கு. சிவப்போ நீலமோ எரிந்தால் சந்திப்பு சுமார் 0.8 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். டயோடையும் பேஸையும் தாண்ட அது போதாது, ஆரஞ்சு அணையும். இரண்டும் இருண்டால் ஆரஞ்சு எரியும். பேஸ் டயோடைச் சேர்க்காமல் விட்டால் ஆரஞ்சு எப்போதும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். டயோடு போட்டும் மங்கல் தெரிந்தால் இன்னொன்றைத் தொடராகச் சேருங்கள்.

விளக்கு பொய் சொல்லும் இடம் இன்னொன்று உண்டு. சார்ஜ் ஆகும்போதே விளக்கையோ ஸ்பீக்கரையோ ஓடவிட்டால் சிவப்பு அணையவே அணையாது. 1 ஆம்பியர் அமைப்பில் கரன்ட் 100 மில்லி ஆம்பியருக்கு இறங்கினால்தான் முடிந்தது என்று ஐசி ஏற்கும். லோடு 150 எடுத்தால் அந்த நிலை வராது; செல் நிறைந்தும் 4.2 வோல்ட்டிலேயே நிற்கும். கோடையில் இதுவே செல்லை வேகமாகக் கெடுக்கும். சார்ஜ் நேரத்தில் லோடுக்கு நேரடியாக 5 வோல்ட்டிலிருந்து ஷாட்கி டயோடு வழியாகக் கொடுத்து, செல் பாதையை பி சேனல் மாஸ்ஃபெட்டால் துண்டிப்பதே முறை.

சிவப்பு எரிகிறது, ஆனால் சார்ஜ் ஏறுவது மந்தம் என்றால் ப்ரோக் காலின் வோல்ட்டேஜைப் பாருங்கள். முழுக் கரன்ட்டில் அது 1 வோல்ட். செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பத்தில் ஒரு பங்கு கரன்ட்தான் போகும், அப்போது 0.1 வோல்ட். செல் 3.8 வோல்ட்டில் இருக்கும்போது ப்ரோக்கில் 0.5 வோல்ட்தான் என்றால் ஐசி தன் சூட்டுக்குப் பயந்து பாதியாகக் குறைத்துவிட்டது என்று பொருள். அதற்கு எந்த விளக்கும் இல்லை, மீட்டர்தான்.

சோதனை

என்டிசி இடத்தில் 50 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டரை வைத்து, பாதி இறங்கிய செல்லுடன் தொடங்குங்கள். விசிசி காலையும் டெம்ப் காலையும் மீட்டரால் அளந்தபடி மெதுவாகத் திருப்புங்கள். விசிசி 4.80 வோல்ட் என்றால் டெம்ப் 2.16-க்குக் கீழேயும் 3.84-க்கு மேலேயும் சிவப்பு அணைந்து ஆரஞ்சு எரியவேண்டும். அந்த இரண்டு இடங்களிலும் பொட்டன்ஷியோமீட்டரைக் கழற்றி அளந்தால் சுமார் 4.9 கிலோ, 27.8 கிலோ. இதிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் உங்கள் ஐசிக்கு ஏற்ப ரெசிஸ்டரை மாற்றவேண்டும்.

பிறகு என்டிசியை மட்டும் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, உருகும் ஐஸ் தண்ணீரிலும், தெர்மாமீட்டர் வைத்த 50 டிகிரி வெந்நீரிலும் முக்குங்கள். இரண்டிலும் நிற்கவேண்டும். செல்லை ஒருபோதும் சூடாக்கிச் சோதிக்காதீர்கள். கடைசியாக என்டிசி வயர் ஒன்றைக் கழற்றுங்கள், ஆரஞ்சு. இரண்டு வயர்களையும் சேர்த்துத் தொடுங்கள், அப்போதும் ஆரஞ்சு. ஷார்ட் சோதனையில் சிவப்பு எரிந்தால் அந்த ஐசியில் 0.6 வோல்ட்டும் கிரவுண்டாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. தொடர் ரெசிஸ்டரை உயர்த்தி ஆர்1-ஐ மறுபடி கணக்கிடவேண்டும்.

பழைய போர்டைத் திருத்தாமல் புதிதாக வடிவமைக்கிறவர்களுக்கு வேறு ஐசிகள் உண்டு. எம்சிபி73833 தானே 50 மைக்ரோ ஆம்பியர் கொடுத்து 10 கிலோ என்டிசியை நேராகப் படிக்கும், டைமரும் உண்டு. அதன் இரண்டு நிலை விளக்குகளும் வெப்பப் பிழையில் இருண்டாலும், கரன்ட் வருகிறது என்று காட்டும் மூன்றாவது விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பிக்யூ24075-இல் என்டிசிக்கு 75 மைக்ரோ ஆம்பியர், எல்லைகள் 0.3 வோல்ட்டும் 2.1 வோல்ட்டும், 103ஏடிக்கு அது 50 டிகிரியும் 0 டிகிரியும். லோடுக்குத் தனிப் பாதையும் அதற்குள்ளேயே இருப்பதால், லோடு ஓடும்போது சிவப்பு அணையாத தொல்லை அதில் இல்லை. 45-க்குள் நிறுத்த நினைப்பவர்கள் மட்டும் அதிலும் என்டிசியோடு ஒரு ரெசிஸ்டர் சேர்த்துக் கணக்கிடவேண்டியிருக்கும்.